கிடாய் தேடி ஆறு நாள்

நாள் 1: அந்தியூர்

அரவக்குறிச்சிப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில் 26 பெட்டை ஆடு இருக்கிறது. எல்லாம் மேச்சேரிச் செம்மறி. அத்தனைக்கும் ஒரே கிடாய், பேர் மணியன். அப்பா சந்தையில் இரண்டு பல் முளைத்த இளவயதில் பிடித்துவந்து ஐந்து வருசம் ஆகிறது. அப்பா போய்விட்டார். மணியன் இன்னும் கம்பீரமாகத்தான் நிற்கிறான். ஆனால் இந்த ஈத்தில் விழுந்த குட்டிகளில் மூன்று எலிக்குஞ்சு மாதிரி இருந்தன. நான்காவதற்குக் கீழ்த்தாடை அரை விரல் உள்ளே வாங்கியிருந்தது. காம்பைக் கவ்வ முடியாமல் நாலு நாள் தவித்தது. புட்டியில் கொடுத்துப் பார்த்தோம், பிழைக்கவில்லை.

நண்பன் ஒருவன் கால்நடை மருத்துவன். அவனிடம் சொன்னதும் மருந்து எதுவும் எழுதவில்லை. "இப்ப இருக்கற பெட்டையில மணியனோட மகள் எத்தனை?" என்று கேட்டான். எண்ணினேன். பதினாலு. மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு ஒரு கணக்கு போட்டான். கிடாய் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்தத் தலையால் வகுக்க வேண்டும். 104-ஐ 27-ஆல் வகுத்தால் 3.85. "கண்ணுக்கு இருபத்தேழு உருப்படி. பரம்பரைக் கணக்குக்கு நாலு கூட இல்ல. இது அம்பதுக்குக் கீழ போகக்கூடாதுன்னு உலக உணவு வேளாண் அமைப்பே சொல்லுது" என்றான். தகப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் குட்டிக்கு, நாலில் ஒரு பங்கு மரபணுக்கள் இரண்டு பக்கமும் ஒரே நகலாக வந்து உட்காரும். பரம்பரையில் ஒளிந்து கிடந்த கோளாறு அப்போதுதான் தலையைக் காட்டுமாம்.

ஆக, புதுக் கிடாய் வேண்டும். மணியனுக்கு ஒட்டு உறவு இல்லாத கிடாய். புரட்டாசியில் பாதிப் பேர் கறி தின்பதில்லை, விலை கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆட்டைத் தம்பி பார்த்துக்கொள்கிறேன் என்றான், கிளம்பிவிட்டேன்.

கிடாய்க்கும் அந்தியூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பர்கூர் மலை மாட்டை நேரில் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நாளைக்கு மலையேறிவிட்டுத்தான் மறு வேலை.

சாயந்திரம் ஊருக்கு வெளியே ஒரு வீட்டு வாசலில் பஞ்சாரத்துக்குள் சிறுவிடைக் கோழி ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டேன். செம்பு நிறம், ஒன்றேகால் கிலோ தேறினால் அதிகம். பதினோரு குஞ்சு. நான் குனிந்ததும் இறகைச் சிலிர்த்து இரண்டு மடங்காகிவிட்டது. குஞ்சுகள் எங்கே போயின என்றே தெரியவில்லை, எல்லாம் வயிற்றுக்கடியில்.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. போன வருசம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் சுத்த நாட்டுக்கோழி என்று சொல்லி 40 குஞ்சு கொடுத்தார்கள். நன்றாகத்தான் முட்டையிட்டன. ஒன்று கூட அடை உட்காரவில்லை. பொரிப்பகத்துக்கு அடை கெட்ட குணம்: உட்கார்ந்த கோழி 21 நாளும், அதற்குப் பிறகு குஞ்சு பிரியும்வரையும் முட்டையிடாது. கருவி பொரித்துக்கொடுக்கும்போது தாய் எதற்கு? அதனால் அடை உட்காராத கோழியாகப் பார்த்துப் பார்த்துப் பெருக்குகிறார்கள். வீட்டில் வளர்ப்பவனுக்கு அந்தக் குணம்தான் கோழியே. இதை அந்த வீட்டு அம்மாவிடம் புலம்பினேன். "அடை உக்காராத கோழிய வெச்சு என்னங்க பண்றது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இந்தக் கோழி அவருடையது இல்லையாம். பக்கத்துத் தெருக்காரர் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விட்டது. குஞ்சில் பாதி அவருக்கு, பாதி இவருக்கு.

நாள் 2: பர்கூர்

காலை முதல் பேருந்து. வறட்டுப்பள்ளம் சோதனைச் சாவடி தாண்டியதும் காற்று மாறிவிட்டது. தாமரைக்கரையில் இறங்கி டீ குடித்தேன். கடையில் பாதிப் பேச்சு கன்னடம், பாதி தமிழ். இங்கே மாடு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கன்னடம் பேசும் லிங்காயத்துகள். சோளகர் பழங்குடி ஊர்களும் உண்டு.

காட்டுக்குள் இருக்கும் பட்டிகளுக்கு என்னைப் போன்றவன் போக முடியாது, போகவும் கூடாது. ஊரை ஒட்டிய பட்டி ஒன்றுக்கு ஒரு பெரியவர் கூட்டிப்போனார். முள்ளை வெட்டி வளைத்துப் போட்ட வேலி. உள்ளே கணுக்கால் புதையச் சாணம். மஞ்சள் விவசாயிகள் கீழேயிருந்து லாரி வைத்து வந்து இந்த எருவை வாங்கிப்போகிறார்கள். ஒரு மாடு இரண்டு, மூன்று லிட்டர் கறந்தாலே பெரிது. பால் விற்றுப் பிழைப்பதற்கான மாடு இல்லை இது. கன்றுக்கும் எருவுக்கும்தான்.

"அந்தப் பாறைக்குப் பின்னால நில்லுங்க, பேசாதீங்க" என்றார் பெரியவர். மாடுகள் காட்டிலிருந்து இறங்கின. செங்காவி உடம்பில் வெள்ளைத் திட்டுகள், மாவை அள்ளி வீசினாற்போல. ஒன்றின் திட்டு இன்னொன்றுக்கு இல்லை. செம்மறை என்கிறார்கள். உடம்பு சிறிசு, நடை ஓட்டத்தில் பாதி. ஒரு பசு என் வாசம் பிடித்து நின்றது. தலையை நிமிர்த்தி, மூக்கை விரித்து, ஒரு முன்னங்காலை மெல்லத் தரையில் தேய்த்தது. பெரியவர் ஏதோ பேர் சொல்லிக் கூப்பிட்டார். அரை நிமிடம் என்னை முறைத்துவிட்டுத்தான் கன்றிடம் போனது. சிறுத்தைக்கும் இதே முறைப்புதான் போலிருக்கிறது.

மொத்தக் கூட்டத்திலும் பொலிகாளை, அதாவது இனச்சேர்க்கைக்கு விடும் காளை, எத்தனை என்று கேட்டேன். இரண்டு. "முன்னே வீட்டுக்கு வீடு இருந்தது. காட்டுல ஒரு பட்டிக் காளை இன்னொரு பட்டியில சேரும். நாங்களா மாத்த வேண்டியதில்ல, அதுவே மாத்திக்கும்" என்றார். எனக்கு மருந்துச் சீட்டுக் கணக்கு ஞாபகம் வந்தது. பத்துப் பட்டி காட்டில் கலந்து மேய்ந்தால் இருபது காளை ஒரே கூட்டத்துக்கு நின்ற மாதிரி. தனித்தனியாக வீட்டில் கட்டிப்போட்டால் அதே இருபது காளை பத்து மூலையில் இரண்டிரண்டாகிவிடும்.

மேய்ச்சல்தான் இங்கே இப்போது பெரிய பேச்சு. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. 2024-இல் இந்த மலையிலேயே தந்தை பெரியார் சரணாலயம் வந்துவிட்டது. காட்டைக் காப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாட்டு நோய் காட்டெருமைக்குத் தொற்றும், மேய்ச்சல் கட்டுமீறினால் கீழ்மட்டப் பச்சை போய்விடும். ஆனால் பர்கூர் மாட்டை இங்கேயிருந்து இறக்கிச் சிமெண்டுத் தொட்டியில் தீவனம் வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கையில்லை. ஏறி இறங்கி மேய்வதும், மோப்பம் பிடித்து முறைப்பதும் ஒரு பரம்பரை முழுக்கத் தேவைப்படாமல் போனால், அதை வைத்துக் கன்றைத் தேர்ந்தெடுக்கவும் ஆளிருக்காது. இந்த இனத்துக்கென்று கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று பர்கூரிலேயே இருப்பது நல்லதுதான், மாடு இருக்கிற இடத்திலேயே ஆராய்ச்சியும் நடக்கும்.

மலை எருமையும் பார்த்தேன். அதுவும் பர்கூர் எருமை என்று தனி இனமாகப் பதிவாகியிருக்கிறது. மழை பிடித்துக்கொண்டதால் படம் எடுக்க முடியவில்லை.

நாள் 3: மயிலம்பாடி

பவானிப் பக்கம் மேச்சேரி ஆட்டுக்கு மயிலம்பாடி ஆடு என்றே பேர். அந்த ஊரிலேயே கிடாய் கிடைக்கும் என்று நம்பிப் போனேன். கிடைக்கவில்லை. டீக்கடையில் ஒருவர் சொன்ன காரணம் மட்டும் மனதில் நிற்கிறது. "நல்லா வளர்ற கிடாய்க்குட்டி மூணு மாசத்துலயே விலை போயிருதுங்க. பக்ரீத்துக்குப் பெருசெல்லாம் போயிரும். எது போணியாகாம நிக்குதோ அதுதாங்க பட்டிக்குக் கிடாய்." இப்படி வருசா வருசம் முதல் மதிப்பெண் வாங்கியதையெல்லாம் அனுப்பிவிட்டு, தேறாததை வாத்தியாராக வைத்தால் பள்ளிக்கூடம் என்ன ஆகும்? எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மேட்டூரில் இரவு. மீன் நன்றாக இருந்தது. புரட்டாசி என்று நினைவு வந்தபோது பாதி தின்றிருந்தேன்.

நாள் 4: பொட்டனேரி

மேச்சேரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பொட்டனேரி. மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் 1978-இலிருந்து இங்கே இருக்கிறது. ஒரு பக்கம் இரும்பாலைப் புகைபோக்கி, இந்தப் பக்கம் துவரைப் பொட்டு நிறத்தில் ஆட்டு மந்தை. கிடாய்க்கும் கொம்பில்லை, பெட்டைக்கும் கொம்பில்லை. கம்பளி இல்லை, வழவழவென்று குட்டை முடிதான். இதன் தோலுக்குத் தோல் பதனிடும் ஊர்களில் தனி மதிப்பு.

முன்கூட்டியே கேட்காமல் போய் நின்றது என் தப்பு. அன்றைக்குக் கொடுக்கும் வயதில் கிடாய் இல்லை. ஆனால் அங்கே வேலை பார்க்கும் ஒருவர் பொறுமையாகப் பேசினார். ஒவ்வொரு குட்டிக்கும் காதில் எண். பிறந்த அன்று எடை, மூன்று மாதத்தில் பால் மறக்கும்போது எடை, பிறகு ஆறு மாதம், ஒன்பது மாதம், ஒரு வருசம். எந்தத் தாய், எந்தத் தகப்பன் என்று பக்கத்திலேயே. நான் கேட்டது அந்தத் தகப்பன் பத்தியைப் பற்றித்தான். "அந்தப் பத்தி இல்லேன்னா மத்ததெல்லாம் சும்மா எடை போடறதுதான்" என்றார்.

மாட்டுக்குப் போல ஆட்டுக்கும் உறைவிந்து ஊசி போட்டுவிடலாமே, கிடாயைத் தேடி ஏன் அலைய வேண்டும் என்று கேட்டேன். சிரித்தார். காளை விந்தைக் கால் மில்லி குழலில் அடைத்துத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்தால் வருசக்கணக்கில் கெடாது. பசுவுக்குப் போடுவதும் சுலபம். செம்மறிப் பெட்டைக்குக் கருப்பை வாய் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு கிடக்கும், ஊசிக் குழாய் உள்ளே நுழையாது. வாயிலேயே விட்டால் உறைவிந்தில் சினை பிடிப்பது குறைவு. "செம்மறிக்குக் கிடாய் நடந்துதாங்க வரணும்."

மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்த மருந்துச் சீட்டுக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். 75 ஆட்டுக்கு 3 கிடாய் என்றால் பதினொன்றரை. அதே 75 ஆட்டுக்கு 15 கிடாய் என்றால் சரியாக ஐம்பது. அடேயப்பா! ஆட்டை ஒன்று கூடக் கூட்டவில்லை, கிடாய் மட்டும்தான் கூடியது. ஆனால் 15 கிடாயை எவன் தீனி போட்டு வைத்திருப்பான்? அஞ்சு வீட்டுக்காரர்கள் ஆளுக்கு மூன்று வைத்து மாற்றிக்கொண்டால்தான் உண்டு.

இரவு ஈரோடு. கால் வலி.

நாள் 5: காங்கயம்

ஊருக்குள் நுழைந்ததும் கொப்பரை வாசம். களம் களமாகத் தேங்காய் காய்கிறது. அந்தக் களங்கள் இருக்கும் இடமெல்லாம் முன்பு கொரங்காடு என்று ஆட்டோக்காரர் சொன்னார்.

கொரங்காடு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மழை குறைந்த இந்தப் பகுதியில் உழாமல் விட்ட மேய்ச்சல் நிலம், தனியார் பட்டாவில் இருப்பது. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். வேலிக்குள் மாட்டை விட்டுவிட்டு ஆள் வேறு வேலை பார்க்கலாம். புல் தீர்ந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவார்கள். கோடையில் புல் கருகினால் வெள்வேலங்காய் கைகொடுக்கும். காங்கயம் மாட்டோடு மேச்சேரிச் செம்மறியும் இதே காட்டில்தான் மேய்கிறது. நான் இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் அதுதான்.

குட்டப்பாளையத்தில் காங்கயம் மாட்டுக்கென்று சேனாபதி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தை வளர்த்தெடுத்ததும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். ஒரு தோட்டத்தில் பூச்சிக்காளை ஒன்றைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இந்த ஊரில் பொலிகாளையைப் பூச்சிக்காளை என்பார்கள். உடம்பு சாம்பல், திமிலும் கழுத்தும் தொடையும் கரிபூசியது போல. பிறக்கும்போது எல்லாக் கன்றும் செவலைதான், ஆறு மாதத்தில் நிறம் மாறும். காயடித்தால் அந்தக் கறுப்பு வராது, எருது வெளுத்துவிடும். காளைக்காரர் கொம்பைத் தடவிக்கொண்டே பேசினார். "டிராக்டர் வந்தப்ப எருது போச்சுங்க. எருது போனா காளைக்கன்ன எவன் வளப்பான்? பால் குடிய மறந்ததும் வித்துப்போடுவாங்க. இப்பச் சல்லிக்கட்டு, ரேக்ளான்னு கொஞ்சம் மதிப்பு வந்திருக்குது. அதுவும் ஒரே காளைக்குத்தான் ஊரெல்லாம் மாடு ஓட்டியாறாங்க." பரிசு வாங்கிய காளைதான் எல்லாருக்கும் வேண்டுமாம். இன்னொரு காரணமும் சொன்னார்: சுழி. துடைப்பச் சுழி, விலங்குச் சுழி என்று ஏதாவது சொல்லி நல்ல கன்றையெல்லாம் கழித்துவிடுகிறார்கள். மயிர் சுழன்ற திசைக்காக ஒரு பரம்பரை போகிறது. பெரியவர்கள் கோபித்துக்கொள்ளலாம், எனக்கு இதில் மரியாதை கிடையாது.

அந்தத் தோட்டத்திலேயே ஒரு ஓரத்தில் இரண்டு கிர் பசு கட்டியிருந்தது. "நாட்டு மாட்டுப் பால் கேக்கறாங்க" என்றார். கிர் குஜராத்து நாட்டு மாடு, அருமையான மாடு, குஜராத்தில். இங்கே அதன் காளையைக் காங்கயத்தோடு சேர்த்தால் பிறப்பது இரண்டுமில்லை. 2019 கணக்கெடுப்பில் நம் நாட்டில் உள்நாட்டு இன மாடுகள் 6 சதவீதம் குறைந்து, கலப்பினம் கிட்டத்தட்ட 27 சதவீதம் கூடியிருந்தது. நாட்டு மாட்டுக்குள்ளேயே நாம் செய்யும் இந்தக் குழப்பம் தனி.

கிடாய் இன்னும் கிடைக்கவில்லை. தம்பி போன் போட்டான்: "சும்மா சுத்திட்டு வாராதே."

நாள் 6: மூலனூர், வீடு

வெள்ளகோவில் வழியாக மூலனூர். கன்னிவாடிச் சந்தையில் கேட்டுப்பார்த்தபோது ஒரு தரகர் ஒரு ஆத்தாவின் காட்டுக்கு வழி சொன்னார். "அது விக்காதுங்க. ஆனா பாருங்க."

கொரங்காட்டுப் படலைத் திறந்ததும் கிடாய் தெரிந்தது. நாலு பல். நீளமான உடம்பு, பின்னங்கால் அகலமாக ஊன்றி நின்றது. ஆத்தாவுக்கு எழுபது இருக்கும். அந்தக் கிடாயின் தாயையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒல்லியான ஆடு. "இதுதான் சாமி எல்லாத்துக்கும் முன்னால மேயும், கடைசியா பட்டிக்கு வரும். ரெண்டாவது ஈத்துல இந்தக் குட்டி போட்டுச்சு. அன்னைக்கே காதுல மூளி வெச்சுப்புட்டேன். வேவாரி எத்தன தரம் கேட்டாலும் இல்லைன்னுட்டேன்." பொட்டனேரியில் பார்த்த பேரேடு இங்கே ஒரு காதில் சின்ன வெட்டாக இருந்தது.

விலை கேட்டேன். விற்பதற்கில்லை என்றார். மணியன் கதையைச் சொன்னேன். தாடை வளைந்த குட்டியைப் பற்றிச் சொன்னதும் "அடப் பாவமே" என்று உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "உன்ர கிடாய் எந்த ஊரு?" என்றார். அப்பா மேச்சேரிச் சந்தையில் பிடித்தது என்றேன். போனில் படம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "கெழடு. ஆனா எலும்பு நல்லாருக்குது. ஒரு ஈத்துக்கு ஆகும். எனக்கும் இந்தக் கிடாயோட மகளுக இப்பப் பருவத்துக்கு வருது. ரெண்டு வருசம் இது உங்கிட்ட இருக்கட்டும், அது எங்கிட்ட இருக்கட்டும்."

நண்பனுக்குப் போன் போட்டு, சொந்தத்திலேயே கட்டிக்கொண்டிருந்த கிடாயை இவர் பட்டியில் விட்டால் அங்கே கெடுதல் வராதா என்று கேட்டேன். "அங்க உள்ள பெட்டைக்கும் மணியனுக்கும் உறவே இல்லையே. உன் பட்டியில அவன் மாமனார், அந்தப் பட்டியில புது மாப்பிள்ளை" என்றான்.

ஆத்தாவின் மகன் குட்டியானை வண்டியில் கிடாயை ஏற்றிக்கொண்டு என்னோடு வந்தார். இருட்டும் நேரத்தில் வீடு. புதுக் கிடாயை இறக்கி வேலியில் கட்டினோம். வேற்றாள் பட்டியிலிருந்து வந்தது, ரெண்டு வாரம் தனியாக இருக்கட்டும் என்று நண்பன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். வேலி இடுக்கில் ஒரு பெட்டை மூக்கை நீட்டியது. கிடாய் மோந்து பார்த்து, தலையை உயர்த்தி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

மணியன் வண்டியில் ஏற மறுத்தான். அம்மா ஒரு கை கம்பு கொண்டுவந்து காட்டிய பிறகுதான் ஏறினான். வண்டி போனதும் அம்மா உள்ளே போய்விட்டார், பேசவில்லை.

தம்பியின் மகளிடம் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் புதுக் கிடாய்: நாலு பல், இடது காதில் மூளி, மூலனூர் ஆத்தா பட்டி, தாய் இரண்டாவது ஈத்து. அதற்கு அடுத்த வரியில் மணியன். தாய் என்ற பத்தியிலும் தகப்பன் என்ற பத்தியிலும் கோடு போட்டு வைத்தேன். அப்பாவைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கலாம்.